இரவில் வீட்டுக்குள் கூட்டமாக அடையும் இலையான்: ஓட்டு இடைவெளியை அடைத்தால் நிற்குமா?

இடியப்பக்காரி (வட்டக்கச்சி)

எல்லாருக்கும் வணக்கம். கிளிநொச்சி வட்டக்கச்சிப் பக்கம் இருக்கிறோம். வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு, ஓட்டுக்கூரை, சீலிங் அடிக்கவில்லை. பின்னுக்குக் குசினி. அங்கேதான் பின்னேரம் இடியப்பம் அவித்து இரண்டு மூன்று கடைகளுக்குக் கொடுக்கிறேன். எங்கள் வீட்டுச் சீவியம் பெரும்பாலும் அதில்தான் ஓடுகிறது.

பங்குனி பிறந்ததிலிருந்து இலையான் தாங்க முடியவில்லை. பகலில் வருவது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். எனக்கு விளங்காதது பொழுது பட்ட பிறகு நடப்பது. எல்லாம் உள்ளுக்கு வந்து உடுப்புப் போடுகிற கொடியிலும், லைற் வயரிலும், ஓட்டுச் சலாகையிலும் நெருக்கியடித்துக்கொண்டு அடைகின்றன. வயரைப் பார்த்தால் கறுப்பு மணி கோத்ததுபோல இருக்கிறது. தும்புத்தடியால் தட்டினால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்ப அதே இடத்தில் வந்து குந்துகின்றன. விடிய வெளிச்சம் வந்ததும் குசினிக்குள் இறங்குகின்றன.

கனடாவில் இருக்கிற மச்சாளுக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன். அங்கே 'கிளஸ்ரர் ஃபிளை' என்று ஒன்று இருக்கிறதாம், வீட்டுக்குள் கூட்டமாக வந்து அடையுமாம், பூருகிற ஓட்டைகளை அடைத்தால் நின்றுவிடும் என்றார். மேசனைக் கூப்பிட்டுக் காட்டினேன். சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைச் சுற்றிவர அடைத்து, எல்லா யன்னலுக்கும் வலை அடிக்க அவர் சொன்ன தொகை இப்போது என்னிடம் இல்லை. கடன் எடுத்தால் செய்யலாம். ஆனால் செய்த பிறகும் நிற்காவிட்டால் என்ன செய்வது?

பக்கத்தில் ஒருவர் நெல்லுக்கு அடிக்கிற மருந்தைக் கலந்து சுவருக்கு அடிக்கச் சொன்னார். பிள்ளைகள் பாய் போட்டு நிலத்தில்தான் படுக்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

இது மச்சாள் சொன்ன இலையான்தானா? யாராவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இடியப்பத்தில் ஒரு இலையான் இருந்ததென்று கடைக்காரர் திருப்பி அனுப்பினால் எனக்கு அடுத்த நாள் இல்லை.

நெத்தலி (முல்லைத்தீவு)

அக்கா, நாங்கள் கரையில் கருவாடு போடுகிற ஆட்கள், இலையானோடுதான் வாழ்க்கை. நொச்சி, வேப்பிலைப் புகை போட்டால் புகை இருக்கும் வரைக்கும் வராது, அணைந்ததும் வந்துவிடும். உடனே செய்யக்கூடியது ஒன்று: இடியப்பம் பிழிகிற மேசைக்கு நேரே ஒரு மேசை ஃபானை வேகமாகப் போட்டுவிடுங்கள். காற்றுக்கு எதிராக இலையானால் வந்து குந்த முடியாது. அவித்து இறக்கிய தட்டுகளின் மேல் நுளம்பு வலைத் துணி போடுங்கள், துணி இடியப்பத்தில் படாமல் உயர்த்திக் கட்டுங்கள். பட்டால் வலைக்கு மேலே நின்றபடியே அது வாயை வைத்துவிடும்.

நெல்லு மருந்தை வீட்டுக்குள் அடிக்கவே வேண்டாம்.

பனிக்காடு (ஒன்ராறியோ, சொந்த இடம் புதுக்குடியிருப்பு)

உங்கள் மச்சாள் சொன்னது இங்கே உள்ள விஷயம், அதில் பிழையில்லை. எங்கள் வீட்டிலும் வரும். ஆனால் உங்களுடைய இலையான் அது இல்லை.

இங்கே உள்ளது எப்படியென்றால், கோடை முடிந்து குளிர் தொடங்குகிற நேரம், வெயில் படுகிற சுவர்களில் நிறைய வந்து குந்தும். பிறகு யன்னல் விளிம்பு, கூரை விளிம்பு என்று கிடைக்கிற நீக்கலுக்குள்ளால் பூந்து சுவருக்குள்ளும் கூரைக்கு அடியிலும் போய் ஒடுங்கிவிடும். குளிர்காலம் முழுக்க அங்கேதான். நடுவில் ஒரு நாள் நல்ல வெயில் எறித்தால் வசந்தம் வந்துவிட்டதென்று வெளியே வந்து யன்னல் கண்ணாடியில் மந்தமாக ஊரும், கையால் பொறுக்கலாம். சாதாரண இலையானைவிடக் கொஞ்சம் பெரிது, நெஞ்சுப் பக்கத்தில் பொன்னிற மயிர் இருக்கும். அதன் புழு குப்பையில் வளர்வதில்லை, மண்ணுக்குள் மண்புழுவின் உடம்பில் புகுந்து அதைத் தின்று வளர்கிறது. அதனால் இங்கே வீட்டை எவ்வளவு துப்புரவாக வைத்திருந்தாலும் அது வரும். சாப்பாட்டை அது தேடுவதும் இல்லை. குளிருக்கு முன்பே நீக்கல்களை அடைப்பதும், உள்ளே வந்ததை வக்கூம் பண்ணி எடுப்பதும்தான் வழி. மருந்தடித்துச் சுவருக்குள் கொன்றால் செத்த இலையானைத் தின்ன வண்டு வரும், அது வேறு கரைச்சல்.

வட்டக்கச்சியில் பங்குனி மாதம் எந்தக் குளிருக்குப் பயந்து ஒளிப்பது? உங்களுடையது பகலில் குசினிக்கு வந்து சாப்பாட்டில் மொய்க்கிறது, இரவில் அடைகிறது. எங்களுடையது மாதக் கணக்கில் தூங்கும். இரண்டும் வேறு. கடன் எடுக்க முதல் ஊரில் விஷயம் தெரிந்தவர் ஒருவரைக் கேளுங்கள்.

பாலையடி (ஒட்டுசுட்டான்)

பிள்ளை, மேசனுக்கு இப்போதைக்குக் காசு கொடுக்க வேண்டாம். நான் சுகாதாரப் பகுதியில் வெளிக்கள வேலை செய்து ஓய்வு பெற்றவன். இப்போது வீட்டில் நாலைந்து மாடு நிற்கிறது. இலையானை இரண்டு பக்கத்தாலும் பார்த்திருக்கிறேன்.

வீட்டு இலையான் இரவில் பறக்காது. பொழுது பட்டதும் உயரத்தில் உள்ள மெல்லிய சாமான்களைத் தேடி அடையும்: கயிறு, வயர், கம்பி, சலாகை ஓரம். பகலில் சாப்பாடு எங்கே கிடைக்கிறதோ அதற்குக் கிட்டவே படுக்கையும். கொடியில் நீங்கள் பார்க்கிற கூட்டம் அதுதான். அது உங்கள் வீட்டுக்குள் பிறக்கவில்லை, படுக்கத்தான் வருகிறது. பிறந்த இடம் வெளியே எங்கேயோ, அநேகமாகக் கிட்டடியில். அதைக் கண்டுபிடிக்காமல் ஓட்டை அடைத்தால் கதவைத் திறக்கிற நேரம் பார்த்து வரும். குசினிக் கதவை மூடி வைத்து இடியப்பம் அவிக்க உங்களால் முடியுமா?

முதலில் ஒன்றைப் பிடித்து வெள்ளைக் கடதாசியில் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். முதுகில் நீளப்பாட்டுக்கு நாலு கருங்கோடு இருந்து, அளவு ஆறு ஏழு மில்லிமீற்றர் என்றால் வீட்டு இலையான். பச்சை அல்லது நீல நிறத்தில் மினுங்கிக்கொண்டு தடிப்பாக இருந்தால் மீன் கழிவு, இறைச்சிக் கழிவு, செத்த எலி என்று தேட வேண்டும். சாம்பல் நிறத்தில் இருந்து, வாய் ஊசிபோல முன்னுக்கு நீட்டிக்கொண்டு, மாட்டின் காலிலும் உங்கள் காலிலும் குத்தினால் மாட்டுக்கொட்டில் பக்கம் போங்கள், ஈரத்தில் ஊறிய வைக்கோல் இருக்கும். இப்படி ஒரு இலையானைப் பார்த்தே பாதித் தேடலைக் குறைத்துவிடலாம்.

பிறகு ஒரு தடியை எடுத்துக்கொண்டு வளவைச் சுற்றுங்கள், வேலிக்கு வெளியேயும் பாருங்கள். குவியலின் நடுவைக் கிண்டிப் பிரயோசனம் இல்லை. நடு சூடாக இருக்கும், அந்தச் சூட்டில் புழு இருக்காது. ஓரத்தைக் கிளறுங்கள், ஈரமும் மிதமான சூடும் உள்ள இடம். ஒரு பக்கம் கூர்ந்து மறுபக்கம் மொட்டையான வெள்ளைப் புழு நெளிந்தால் அங்கேதான் உற்பத்தி. குவியலுக்கு வெளியே காய்ந்த மண்ணையும் சுரண்டிப் பாருங்கள். வளர்ந்த புழு ஈரத்தை விட்டு வெளியே வந்து காய்ந்த இடத்தில்தான் கூடு கட்டும். அரிசி அளவில், கடும் கபில நிறத்தில் இருக்கும். அந்தக் கூட்டை நான் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குவியலை மட்டும் அள்ளிவிட்டு மண்ணை விட்டால் அடுத்த கிழமை அதிலிருந்தே ஒரு பட்டாளம் கிளம்பும்.

எங்கள் வெக்கையில் முட்டை ஒரு நாளுக்குள் பொரித்துவிடும். முட்டையிலிருந்து பறக்கிற இலையான் வரைக்கும் ஏழிலிருந்து பத்து நாள். ஒரு பெண் இலையான் நூறு நூற்றைம்பது என்று பகுதி பகுதியாக இட்டு, மொத்தம் ஐந்நூறு வரைக்கும் போகும். அதனால்தான் குசினிக் கழிவைக் கிழமைக்கு இரண்டு தடவை அகற்றச் சொல்கிறோம். பத்து நாளைக்கு ஒருமுறை என்றால் அதற்குள் ஒரு தலைமுறை பறந்துவிடும்.

உங்கள் வளவில் பார்க்க வேண்டியவை: தேங்காய்ப்பூச் சக்கை எங்கே கொட்டுகிறீர்கள்? சொதிக்குப் பிழிந்த சக்கை ஈரத்தோடு ஒரு இடத்தில் குவிந்து புளித்தால் இலையானுக்கு அதைவிட நல்ல இடம் தேவையில்லை. அன்றன்றே கோழிக்குப் போடுங்கள், அல்லது மெல்லிசாகப் பரவிக் காயவிடுங்கள். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் தேங்கிச் சேறாகிற இடம் இன்னொன்று. கழிப்பறைக் குழியிலிருந்து மேலே போகிற காற்றுக் குழாயின் வாயில் வலை இருக்கிறதா என்றும் பாருங்கள். கட்டும்போது போட்ட வலை வெயிலில் உக்கி விழுந்திருக்கும், ஒருவரும் ஏறிப் பார்ப்பதில்லை. அந்தக் குழியில் நின்ற இலையான் அடுத்ததாகக் குந்துவது உங்கள் தட்டில். அது கட்டியாக எதையும் தின்ன முடியாத பிராணி. குந்திய இடத்தில் வயிற்றில் உள்ளதைக் கக்கி, கரைத்துத்தான் உறிஞ்சும். வயிற்றோட்டமும் வயிற்றுளைவும் நெருப்புக்காய்ச்சலும் வீட்டுக்கு வருகிற வழிகளில் இதுவும் ஒன்று. சின்னப் பிள்ளைகள் உள்ள வீடு என்றபடியால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

நெல்லு மருந்து பற்றித் தம்பி சொன்னதையே நானும் சொல்கிறேன். வயலுக்குச் செய்த மருந்து திறந்த வெளிக்கும் காற்றுக்கும் செய்தது. சுவரில் காய்ந்து நின்று, பிள்ளைகள் கையை வைத்து, அந்தக் கை வாய்க்குப் போகும். சீனியில் கலந்து வைக்கிற வேலையும் வேண்டாம். வன்னியில் எத்தனை வீடுகளில் மருந்துப் போத்தலால் அழிவு வந்தது என்று நமக்குத் தெரியும்.

இடியப்பக்காரி

ஐயா, பெரிய உபகாரம். கடதாசியில் வைத்துப் பார்த்தேன், நாலு கோடு இருக்கிறது. குழாயில் வலை சரியாக இருக்கிறது. சக்கை பக்கத்து வீட்டு ஆட்டுக்கு அன்றன்றே போகிறது.

பிறகு தடியோடு பின் வேலிப் பக்கம் போனேன். அங்காலே உள்ள காணியில் மிளகாய் வைக்கிறதுக்கு லோட் கணக்கில் கோழி எரு பறித்து வைத்திருக்கிறார்கள். மாசியில் வந்தது. அப்போது தூள் மாதிரிக் காய்ந்திருந்தது, மணமும் இல்லை. மேலே போட்ட தறப்பாள் காற்றுக்கு ஒரு பக்கம் கழன்று கிடக்கிறது. பங்குனியில் பின்னேரத்தில் இடி முழக்கத்தோடு பெய்த மழை அந்தப் பக்கத்தை ஊற வைத்துவிட்டது. ஈரமான ஓரத்தைத் தடியால் கிளறினேன். ஐயா, மண் நெளிகிறதா புழு நெளிகிறதா என்று தெரியாத அளவு. வேலி அடியில் காய்ந்த மண்ணில் நீங்கள் சொன்ன கபிலக் கூடுகள். சிலது உடைந்து வெறும் கோதாகக் கிடந்தது, மற்றதெல்லாம் முழுசாக இருக்கிறது.

இனிக் கேட்பது வேறு விஷயம். அந்தக் காணிக்காரரோடு சண்டைக்குப் போக எனக்கு விருப்பமில்லை. 2018 மார்கழி வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டுபோய் வைத்திருந்தவர்கள் அவர்கள். பி.எச்.ஐ. ஐயாவிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சொன்னால் வந்து பார்ப்பார், ஆனால் நான்தான் சொன்னேன் என்று தெரிந்துவிடும். அந்த எரு அவருக்குக் காசு கொடுத்து வாங்கிய சாமான், எறி என்று சொல்ல முடியுமா? எப்படிப் பேசுவது?

மிளகாய்த்தோட்டம் (விசுவமடு)

தங்கச்சி, அவரை எறியச் சொல்ல வேண்டாம், மூடச் சொல்லுங்கள். அவருடைய நன்மைக்கே அது.

நானும் கோழி எரு போடுகிறவன். அதன் பெறுமதி அதிலுள்ள தழைச்சத்தில்தான். எரு நனைந்தால் மூக்கை அரிக்கிற ஒரு மணம் வருமே, அது அமோனியா. தழைச்சத்துத்தான் அப்படி ஆவியாகிப் போகிறது. அவர் லோட்டுக்குக் கொடுத்த காசு காற்றில் போகிறது என்று அர்த்தம். மழை ஊறி வடிந்தால் மிச்சச் சத்தும் கழுவுப்பட்டு நிலத்தோடு போய்விடும். அதோடு பச்சை எருவைக் கன்றுக்கு அடியில் போட்டால் வேர் கருகும். அவருக்கு இது தெரியாமல் இருக்காது. தோட்ட வேலை, கூலி ஆள் இல்லை, தறப்பாள் கழன்றதைக் கவனித்திருக்க மாட்டார். 'அண்ணை, எரு நனைந்து பழுதாகுது, இவரை அனுப்பட்டா மூடுறதுக்கு?' என்று கேளுங்கள். இலையான் கதையைப் பிறகு சொல்லலாம்.

செய்கிற முறை இதுதான். வெயில் உள்ள ஒரு நாள் விடிய நனைந்த பகுதியைப் பிரித்து, கையளவு உயரத்துக்கு மேல் போகாமல் பரவிக் காயவிட வேண்டும். ஒரு பிடி எடுத்துப் பொத்திப் பிசையுங்கள். கட்டியாக நின்றால் இன்னும் ஈரம், உதிர்ந்தால் சரி. உதிருகிற எருவில் இலையான் புழு வளராது. வெயிலில் பரவினதும் புழுவைக் கோழிகளே பொறுக்கும், ஒரு பத்துக் கோழியை விட்டால் நீங்கள் ஒன்றும் செய்யத் தேவையில்லை. காயவைக்க நேரமில்லை என்றால் வைக்கோல் கலந்து குவித்து, கிழமைக்கு ஒருமுறை ஓரத்தில் உள்ளதை நடுவுக்குப் போட்டுப் பிரட்டலாம். நடுச்சூட்டில் புழு சாகும், எருவும் உக்கி நல்ல பசளையாகும். எப்படிச் செய்தாலும் கடைசியில் கறுப்புப் பொலித்தீனால் மூடி, சுற்றிவர ஓரத்தில் மண் போட்டு இறுக்க வேண்டும். நாலு மூலையில் நாலு கல் வைத்தால் போதாது, காற்று தூக்கிவிடும். அதுதானே இப்போதும் நடந்திருக்கிறது. இனிச் சோளகமும் எழும்பப் போகிறது.

புதைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் மண்ணை மிதித்து இறுக்காமல் விட வேண்டாம். தளர்ந்த மண்ணைத் துளைத்துக்கொண்டு இலையான் மேலே வந்துவிடும்.

இடியப்பக்காரி

பேசினேன். நீங்கள் சொன்ன மாதிரி எரு பழுதாகுது என்றுதான் தொடங்கினேன். அவர் வந்து பார்த்தவுடனே முகம் மாறிவிட்டது, 'இவ்வளவு நனைஞ்சு போச்சா' என்று. மகனையும் எங்கள் இவரையும் கூட்டிக்கொண்டு அன்றைக்கே பிரித்துப் பரவிவிட்டார். கோழிகள் பொழுது படும் வரைக்கும் அந்த இடத்தை விட்டு வரவில்லை. மற்ற நாள் பொலித்தீன் போட்டு வரம்பு மாதிரி மண் கட்டியாயிற்று.

வேலி அடி மண்ணை நான் என்ன செய்ய? மூடிய பிறகும் கொடியில் கூட்டம் குறையவில்லை.

பாலையடி (ஒட்டுசுட்டான்)

குறையாது பிள்ளை, உடனே குறையாது. கூட்டுக்குள் இருக்கிறவை இன்னும் சில நாளைக்கு வெளியே வந்துகொண்டிருக்கும். வந்தவை இரண்டு கிழமை, சிலது நாலு கிழமை வரைக்கும் உயிரோடு இருக்கும். இந்த இடைவெளியில்தான் சனம் மனம் விட்டுப்போய் மருந்துப் போத்தலை எடுக்கிறது. நீங்கள் எடுக்காதீர்கள், பிறக்கிற இடம் அடைபட்டுவிட்டது.

வேலி அடி மண்ணை மேலாக நாலு விரல் ஆழத்துக்குச் சுரண்டி அள்ளி, காய்ந்த சருகோடு போட்டு எரித்துவிடுங்கள். வேலி கிடுகு வேலி என்றால் தள்ளி வைத்து எரியுங்கள்.

வீட்டுக்குள் இருக்கிறவற்றைப் பிடிக்க அவற்றின் பழக்கமே உதவும். எங்கே அடைகின்றன என்று உங்களுக்குத் தெரியும். கடைகளில் தொங்கவிடுகிற பசைப் பட்டி விற்கிறார்கள். பகலில் குசினியில் தொங்கவிட்டு ஒன்றிரண்டு பிடிபடுகிறதே என்று விட்டுவிடாமல், இரவு அடைகிற அதே கொடிக்குப் பக்கத்தில், சலாகையிலிருந்து கீழ்நோக்கித் தொங்கவிடுங்கள். அந்தக் கொடியில் உள்ள உடுப்பை எல்லாம் பொழுது பட முதல் எடுத்துவிடுங்கள், குந்த இடம் குறைந்தால் பட்டிக்குப் போகும். இடியப்பம் பிழிகிற மேசைக்கு மேலே மட்டும் பட்டி தொங்க வேண்டாம். லைற் வயரில் உள்ளதற்குச் சவர்க்காரத் தண்ணீர் அடிக்கலாம் என்று யாரும் சொன்னால் கேட்காதீர்கள், கரண்ட் வயர் அது.

போத்தலைக் குறுக்கே வெட்டி, மேல் பாதியைக் கவிழ்த்து வைத்து, உள்ளே கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீரும் மீன் செதிலும் போட்டால் பொறியாகும். அதை வேலிப் பக்கம் வையுங்கள். குசினி வாசலில் வைத்தால் தூரத்தில் நிற்பதையும் நீங்களே கூப்பிடுவதாக முடியும்.

மேசனைப் பற்றிக் கேட்டீர்கள். ஓட்டு இடைவெளியைச் சுற்றிவர அடைத்தால் வெக்கை வெளியே போக வழியிருக்காது, அவிக்கிற குசினியில் நிற்க முடியாமல் போகும். குசினியின் இரண்டு யன்னலுக்கும் பிளாஸ்ரிக் நுளம்பு வலை வாங்கி, மரச்சட்டத்தில் அடித்து நீங்களே பொருத்தலாம். கதவுக்கு அதே வலையில் நிலம் தொடுகிற மாதிரி ஒரு திரை, கீழ் ஓரத்தில் பாரத்துக்குச் சிறு கல் வைத்துத் தையுங்கள். பி.எச்.ஐ. வந்தால் அவர் முதலில் பார்ப்பது அந்தக் கதவைத்தான்.